ஒன்பது முத்திரையும் ஒரு வண்டி வெற்றிலையும்

முன்னொரு காலத்தில், வாயில் வெற்றிலை இல்லாமல் எந்த முடிவும் எடுக்காத அரசர் ஒருவர் ஆண்டுவந்தார். அவர் பெயர் வீரகேது. அவருடைய அவையில் விகடராக இருந்தவர் ஆவுடையப்பர். பிறரைக் கேலி செய்வதைவிடத் தம்மைக் கேலி செய்துகொள்வதிலேயே அவருக்கு விருப்பம் அதிகம். "கைக்கு எட்டும் சரக்கு அதுதானே" என்பார்.

அயல்நாட்டுச் சரக்குகளில் கலப்படம் மிகுகிறதே, என்ன செய்யலாம் என்று ஒருநாள் அரசர் கேட்டார். அவையைச் சிரிக்க வைப்பதற்காக ஆவுடையப்பர், "ஒருவரைப் பார்க்கச் சொன்னால் அவர் தூங்கிவிடுவார், அரசே. ஒன்பது பேரைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். அவை சிரித்தது. சுங்கத் தலைவர் வில்லவராயர் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மறுமாதமே அது சட்டமாயிற்று.

'எல்லைக்கு அப்பாலிருந்து வருவது எதுவாயினும், யாராயினும், ஒன்பது அதிகாரிகளும் வரிசையாகப் பார்த்து முத்திரையிட்ட ஓலையின்றி உள்ளே நுழைதல் கூடாது. பத்தில் ஒன்றை வரியாக வாயிலிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.'

எல்லைக் கணவாய்ச் சாவடியில் ஒன்பது அதிகாரிகள் அமர்ந்தார்கள். முதலாமவர் ராகுகாலத்தில் முத்திரையைத் தொடமாட்டார். இரண்டாமவருக்கு எமகண்டம் ஆகாது. மூன்றாமவர் குளிகையில் கை வைத்தால் அதே வேலை திரும்பத் திரும்ப வரும் என்று அஞ்சினார். ஐந்தாமவர் கிழக்கே சூலம் உள்ள நாளில் கிழக்கு நோக்கி உட்காரமாட்டார். அவருடைய மேசையோ கிழக்கு நோக்கியே போடப்பட்டிருந்தது. இப்படி ஒன்பது பேரும் இசையும் நேரம் வாய்ப்பதற்குள் பதினொரு நாள் ஓடிவிடும். அரசர் மெல்லும் வெற்றிலையும் எல்லைக்கு அப்பாலிருந்தே வந்தது; அதுவோ ஐந்தாம் நாளே பழுத்துவிடும்.

அப்பால் நாட்டில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சடைச்சி என்பவர், அழுகிய ஆறு வண்டிச் சுமையைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, ஏழாவது வண்டியை எல்லைக் கல்லுக்கு அப்பால் நிறுத்தினார். அங்கிருந்தபடியே ஆவுடையப்பருக்குச் சொல்லியனுப்பி, கல்லுக்கு இப்பால் வரவழைத்தார்.

"ஒம்பது பேரு பாக்கணும்னு சொன்ன மகராசன் நீங்கதானா?"

"நான்தான் தாயே. என் வாழ்நாளில் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறேன். ஒன்றையும் எவரும் காதில் வாங்கியதில்லை. உளறியதைச் சட்டமாக்கிவிட்டார்கள்."

"நீங்க சிரிச்சுட்டுப் போயிட்டீங்க சாமி. இந்த வண்டியும் அழுகிச்சுன்னா நான் கொடியைப் புடுங்கிப் போட்டுட்டுக் கூலிக்குத்தான் போகணும்."

ஆவுடையப்பர் அன்றிரவு அந்தச் சட்ட ஓலையைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

மறுநாள் அவையில் அரசர் வாடிய வெற்றிலையைத் தட்டோடு தள்ளினார். "கிள்ளினால் சத்தம் கேட்கும் வெற்றிலை எனக்கு வேண்டும். யார் கொண்டுவருவீர்?"

வில்லவராயர் எழுந்தார். "அரசே, இந்தச் சட்டத்தின் தந்தை நம் விகடரே. அவரே கொண்டுவரட்டும். விதி ஒன்றும் மீறப்படக் கூடாது. விதியை மாற்றும் அதிகாரம் தங்கள் அருளால் என்னிடம் இருக்கிறது. நான் மாற்றப் போவதில்லை. நாளை நண்பகலுக்குள் முடியாவிட்டால், அவர் ஆயுள் முழுவதும் சாவடியில் பத்தாவது முத்திரையாக உட்காரட்டும்."

"எனக்கு ஏற்ற வேலைதான்" என்றார் ஆவுடையப்பர். "ஒன்றும் செய்யாமல் உட்காரும் பயிற்சி இந்த அவையிலேயே முப்பது ஆண்டு பெற்றிருக்கிறேன்."

வேடிக்கை பார்க்க அரசரே மறுநாள் கணவாய்க்கு வந்து சாவடியில் அமர்ந்தார். சடைச்சியின் வண்டி அப்பால் நாட்டு மண்ணில் முப்பதடி தள்ளி, சக்கரம் கழன்று சாய்ந்து கிடந்தது. கடையாணி சடைச்சியின் மடியில் பத்திரமாக இருந்தது.

"வண்டி நகராது, சுங்கத் தலைவரே" என்றார் ஆவுடையப்பர். "சரக்கைப் பார்க்க வேண்டும் என்கிறது விதி. எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அடியில் எதையாவது ஒளித்திருக்கிறேனோ என்னவோ, என் புத்தியை நானே நம்புவதில்லை."

ஐயம் தலைக்கேறிய வில்லவராயர் ஒன்பது அதிகாரிகளையும் திரட்டிக்கொண்டு எல்லைக் கல்லைத் தாண்டி நடந்தார். கூடைகளைக் கிளறினார்கள். வெற்றிலையைத் தவிர வேறொன்றும் இல்லை. திரும்பி வந்தபோது வாயில் கட்டை இறங்கியிருந்தது.

"கட்டையைத் தூக்கு" என்றார் வில்லவராயர்.

"ஓலை எங்கே?" என்று கட்டைக்கு உள்ளே நின்றபடி கேட்டார் ஆவுடையப்பர். "அப்பாலிருந்து வருவது யாராயினும் ஒன்பது முத்திரை வேண்டும்."

"முத்திரையிடுகிறவர்களே நாங்கள்தாம் ஐயா."

"முத்திரைகள் உள்ளே மேசைமேல் இருக்கின்றன. அவற்றை எடுக்க உள்ளே வரவேண்டும். உள்ளே வர முத்திரை வேண்டும். இவ்வளவு உறுதியான சட்டத்துக்கு வித்திட்டவன் நான் என்பதை நினைத்தால் எனக்கே மெய்சிலிர்க்கிறது."

வாயில் காவலர் அரசரைப் பார்த்தார். அரசர் மீசையைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டு, "விதி விதிதானே" என்றார்.

வெயில் ஏறியது. ஐந்தாமவர் எந்தத் திசை நோக்கி நிற்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். "எங்க வண்டி நெழலுல நில்லுங்க சாமி" என்றார் சடைச்சி. "பதினோரு நாள்தானே. நான் பழகிக்கிட்டேன், நீங்களும் பழகிக்குவீங்க."

"மற்றொன்று" என்றார் ஆவுடையப்பர். "நீங்கள் ஒன்பது பேரும் தலைவருமாகப் பத்துப் பேர். பத்தில் ஒன்று வாயிலிலேயே வரி. யாரை வரிக் கிடங்கில் வைக்கலாம்?"

ஒன்பது அதிகாரிகளும் ஒரே நேரத்தில் வில்லவராயரைப் பார்த்தார்கள். அவர்கள் ஒன்றாக ஒரு முடிவுக்கு வந்தது அதுவே முதல் முறை.

வில்லவராயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சரி. ஒருவர் பார்த்தால் போதும், ஒரு முத்திரை போதும். அதையும் வரியையும் உள்ளே விட்டபின் பார்த்துக்கொள்ளலாம். மனிதருக்கு முத்திரையும் இல்லை, வரியும் இல்லை."

"எழுதிக் கொடுங்கள்."

"எழுதுகிறேன்."

"இப்போது ராகுகாலம் ஆயிற்றே."

"இருந்துவிட்டுப் போகட்டும், ஓலையைக் கொடும் ஐயா."

கட்டைக்கு மேலாக ஓலை போயிற்று; எழுத்தோடு திரும்பி வந்தது. காவலர் கட்டையை உயர்த்தினார். சடைச்சி கடையாணியை மாட்ட, பத்துப் பேரும் தள்ள, வண்டி உள்ளே வந்தது. முதலாமவர் ஓடிப்போய் முத்திரையிட்டார். நண்பகலுக்கு இன்னும் நேரமிருந்தது.

சடைச்சி ஒரு கவுளி வெற்றிலைக் கட்டைப் பிரித்து அரசரிடம் நீட்டினார். அரசர் காம்பைக் கிள்ளினார். சத்தம் கேட்டது. அதற்குமேல் அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். "விளையாட்டுப் பேச்சு எது, ஆலோசனை எது என்று தெரியாமல் ஒப்பமிட்டவன் நான். கிடங்கில் வைப்பதானால் முதலில் என்னைத்தான் வைத்திருக்க வேண்டும்" என்றார்.

சடைச்சி நின்று கேட்கவில்லை. வரிப் பங்கை இறக்கி வைத்துவிட்டு, அன்றைய சந்தைக்கு நேரமாகிவிட்டதென்று மாட்டைத் தட்டி ஓட்டிப் போய்விட்டார்.

வேலையற்றுப் போன எட்டுப் பித்தளை முத்திரைகளையும் உருக்கி, ஆவுடையப்பருக்கு ஒரு வெற்றிலைப் பெட்டி வார்த்துத் தரும்படி அரசர் ஆணையிட்டார். பெட்டி நல்ல கனம். ஆனால் அதைத் திறக்க ஒரு கை போதுமாயிருந்தது.