செம்பி நண்டு எழுதிய தீவு வரலாறு

நடுக்கடலில் ஒரு தீவு. தீவு நிறைய செந்நண்டுகள், எண்ணி மாளாது. நடுவே இருந்த நன்னீர்ச் சுனையைச் சுற்றி ஆமை, வௌவால், ஆடு என்று எல்லாரும் ஒற்றுமையாகக் குடியிருந்தார்கள்.

"நாடுன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு வரலாறு வேண்டாமா?" என்று ஒருநாள் பேச்சு எழுந்தது. பத்துக் கால் இருப்பவள் வேகமாக எழுதுவாள் என்று செம்பி நண்டிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். செம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் ராணி மாதிரி நடந்தாள், பக்கவாட்டில்தான் என்றாலும்!

முதலில் ஆமையிடம் போனாள். "நீங்க இங்க எப்படி வந்தீங்க?"

"எங்க முன்னோர் ஒரு மரக்கட்டையில மிதந்து வந்தாங்க."

வௌவாலைப் புயல் கடல் தாண்டித் தூக்கிவந்து போட்டதாம். வெள்ளைச்சி ஆடு, கப்பல் உடைந்தபோது ஒரு பலகையைப் பற்றிக் கரையேறியவள். "இந்தச் சுனைத் தண்ணியைக் குடிச்ச பிறகுதான் எனக்கு உயிரே வந்துச்சு" என்று சிரித்தாள்.

செம்பி கொடுக்கைத் தட்டினாள். "அப்போ எல்லாரும் வந்தேறிகள். நாங்க மட்டும்தான் இந்த மண்ணுலயே பிறந்தவங்க!" அப்படியே வரலாற்றில் எழுதியும் வைத்தாள்.

நண்டுகளுக்கு இது தேனாக இனித்தது. கூட்டம் கூடியது. கொடுக்குகள் உயர்ந்தன. கடல் தாண்டி வந்தவர்களுக்குச் சுனையில் பங்கில்லை, இனி வருகிறவர்கள் கரையையே தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். காவலுக்கு ஓர் உடும்பை நிறுத்தினார்கள். உடும்பும் ஒரு காலத்தில் நீந்தி வந்ததுதான். காவல்காரனை யார் கேட்பார்கள்?

ஆடும் ஆமையும் வௌவாலும் கரையோர உப்புக் குட்டையில் முகம் சுளித்துக்கொண்டு குடித்தார்கள்.

ஐப்பசி மழை வந்தது. நண்டுப் பெண்கள் வழக்கம்போலக் கரைக்கு இறங்கி, வயிற்றில் சுமந்த முட்டைகளை அலையில் உதறிவிட்டுத் திரும்பினார்கள். செம்பியும் உதறினாள். ஆண்டுதோறும் செய்கிற காரியம், அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரு மாதம் போனது. ஒருநாள் காலையில் கரை முழுக்கச் சிவப்பாக அசைந்தது. கடுகளவு நண்டுக் குஞ்சுகள் ஆயிரமாயிரமாகக் கடலிலிருந்து ஏறி வந்தன.

"நில்லுங்க. எங்கேருந்து வர்றீங்க?" என்றது உடும்பு.

"கடல்லேருந்து."

"அப்போ அப்படியே திரும்புங்க."

செம்பி விழுந்தடித்து ஓடிவந்தாள், பின்னாலேயே மற்றத் தாய் நண்டுகளும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காட்டு ஈரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் குஞ்சுகள் சுருண்டு செத்துவிடும்.

"விடுய்யா, அதுங்க என் பிள்ளைங்க."

"கடல்லேருந்துல்ல வருதுங்க? சட்டம் நீங்க போட்டதுதாம்மா" என்றது உடும்பு. பிடித்த பிடியை விடுமா அது?

தானும் ஒருநாள் இதே அலையில் கடுகளவாக வந்தவள்தான் என்பது செம்பிக்கு அப்போதுதான் உறைத்தது.

"நானும் கடல்லேருந்து வந்தவதான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். "நான் எழுதின வரலாறு பொய். அந்தச் சட்டத்தை எடுத்துடுங்க."

ஓடிவந்த தாய்கள் அத்தனை பேரும் கொடுக்கை உயர்த்தினார்கள். உடும்பு ஒதுங்கியது. ஆனால் காடு வரைக்கும் கொதிக்கிற மணல்.

"பிள்ளைங்கள என் முதுகுல ஏத்து" என்று வந்து படுத்தாள் வெள்ளைச்சி.

"உன்னை விரட்டினேனே, வெள்ளைச்சி."

"விரட்டினே. உப்புத் தண்ணி குடிச்சுக் குடிச்சு என் தாடியே நரைச்சுப்போச்சு. அந்தச் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல ஏத்து."

ஆமை ஓடு நிறைய ஏற்றிக்கொண்டது. வௌவால்கள் மேலே சிறகு விரித்து நிழல் கொடுத்தன. ஒரே கும்மாளமாக ஊர்வலம் சுனைக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளைச்சியின் தாடியில் தொங்கிய ஒரு குஞ்சு கேட்டது: "அம்மா, இந்த நாட்டுக்கு முதல்ல வந்தது யாரு?"

"தெரியலைடா. கடைசியா வந்தது நீதான்" என்றாள் செம்பி. "அதனால முதல்ல நீ குடி."

அடுத்தவருக்கு வழியை அடைக்கிறவர் தம் பிள்ளைகளுக்கும் சேர்த்தே அடைக்கிறார்.