கிரைண்டர் முன்னால் ஒரு பலகை

மாலை ஐந்தே முக்கால் மணி. அன்று மூன்றாவது தடவையாக வீட்டில் கரண்ட் போனதும் கோமதிநாயகம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

பஸ் டிப்போவில் ஓய்வு பெற்றவர். மடத்தை நடத்தும் வடிவம்மையைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார். கற்க வந்தது பொறுமை.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, பொறுமை போச்சு.”

“எங்கே போச்சு?”

“மகன் லீவுக்கு வந்தான். பழைய பியூஸ் பெட்டியைக் கழற்றிட்டுப் புதுசு மாட்டிட்டுப் போயிட்டான். கிரைண்டரைப் போட்டா பெட்டியில இருக்கிற சுவிட்ச் பட்டுனு விழுது. வீடே இருட்டு.”

“ஏனாம்?”

“கரண்ட் கசியுதாம். அந்தச் சுவிட்சை மட்டும் எடுத்துடச் சொல்லிட்டேன். காலையில எலக்ட்ரீசியன் வர்றான்.”

“பழைய பெட்டி எப்படி?”

அவர் முகம் மலர்ந்தது.

“அது தங்கம், அம்மா. அடிக்கடி பியூஸ் போச்சுன்னு செம்புக் கம்பியை ரெண்டா முறுக்கிக் கட்டினேன். அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் ஒரு முணுமுணுப்பு இல்லை. பொறுமைன்னா அதுகிட்ட கத்துக்கணும்.”

“அப்ப நான் எதுக்கு?” வடிவம்மை சிரித்தார். “வீட்டுல வேற யாரும் முணுமுணுக்கலையா?”

“வீட்டுக்காரி பேச்சியம்மா சொல்லுவா, கிரைண்டரைத் தொட்டா சுருக்குங்குதுன்னு. ஈரக் கை, அப்படித்தான் இருக்கும். அதுக்குத்தான் பலகை செஞ்சு போட்டிருக்கேனே. அதுல ஏறி நின்னுதான் அரைப்பா. நல்ல தேக்கு.”

வடிவம்மை முறத்தைத் தள்ளி வைத்தார்.

“அதைக் கொண்டு வாங்க.”

“எதை?”

“பலகையை. தியானத்துக்கு உட்கார வேணும். இனி இங்கேயே இருக்கட்டும்.”

குரு கேட்டது. மறுக்க முடியவில்லை.

வீட்டில் பேச்சியம்மாள் ஊறிய உளுந்தோடு காத்திருந்தார்.

“அதை எங்கே தூக்கிட்டுப் போறீங்க?”

“மடத்துக்கு.”

“நல்லாருக்கு. அப்ப நான் எதுல நிக்க? உங்க தலையிலயா?”

கோமதிநாயகம் பலகையைச் சைக்கிளில் வைத்துக் கட்டினார்.

மடத்து விளக்கடியில் பலகையை இறக்கியபோதுதான் பார்த்தார். தேக்கில் இரண்டு பாதத் தடங்கள் வெளுத்துத் தேய்ந்திருந்தன. குதிகால் பட்ட இடம் குழிந்திருந்தது.

“கொண்டு வந்துட்டேன். ஆனா ஒண்ணும்மா. இது இல்லாம அவ கிரைண்டரைத் தொட்டா...”



“சொல்லுங்க” என்றார் வடிவம்மை.

கோமதிநாயகம் குனிந்து அந்தப் பாதத் தடத்தில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு வீட்டுக்குப் போன் செய்தார்.

“பேச்சி, கிரைண்டரைத் தொடாதே.”

“ஏன், என்ன ஆச்சு?”

“வந்து சொல்றேன்.”

அடுத்து எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார்.

“தம்பி, நாளைக்கு வா. பெட்டியில கை வைக்காதே. கசிவு கிரைண்டர்ல. அதைப் பிரி.”

2023 நவம்பர் 11, தீபாவளிக்கு முந்தின நாள். பேச்சியம்மாள் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று, சரிசெய்த கிரைண்டரில் வடைக்கு அரைத்தார். சுவிட்ச் விழவில்லை.