பவளத்துக்காகக் கேட்ட கேள்வி

மலைமேல தேசியப் பூங்காவுக்குள்ள ஒரு குதிரை முகாம். விருந்தாளிங்க கூடாரத்துல தங்கி, குதிரையில சுத்திப் பாப்பாங்க. அங்க பவளம்ங்கிற பெண் குதிரையைக் குட்டியிலேருந்து வளத்தவன் வேலைக்காரன் பெள்ளி.

ஒருநாள் மேனேஜர் சந்திரமௌலி எல்லார் முன்னாடியும் மீசைய முறுக்குனாரு. "இது காடுடா! இனிமே இங்க சாணி விழுந்துச்சு, இந்தக் குதிரைய வித்துருவேன்!"

"சரிங்க சார். நீங்க ரெண்டு நாள் வெளிக்குப் போகாம அடக்கிக் காட்டுங்க, பாத்து இவளும் கத்துக்கட்டும்"னான் பெள்ளி.

"காட்டுறேன்டா!"

மறுநாள் விடிஞ்சதும் சொம்போட புதர்ப்பக்கம் நழுவுனாரு மேனேஜர். பின்னாடியே குதிரையோட பெள்ளி. "சார், இவளும் வரலாமாங்க?"

கூடாரமெல்லாம் குலுங்கிச் சிரிச்சுது. மூஞ்சி செவந்து போச்சு மேனேஜருக்கு. "குதிரை இருக்கட்டும். நீ கெளம்புடா!"

பெள்ளி மலை இறங்குனான். மேல பவளம் கனைச்சுக்கிட்டே நின்னா. அன்னிக்குக் காலையில பெள்ளி பாத்தும் பாக்காத மாதிரி திரும்பியிருந்தாலே மேனேஜர் அடங்கியிருப்பாரு. பவளமும் இன்னிக்கு அவன் கையிலதான் கொள்ளு தின்னுக்கிட்டிருப்பா.