தேனீக்களுக்காக ஒரு கன்று

"முன்னோர் எழுதியதை நீங்கள் நம்புவதில்லையாமே?" என்றார் சில்வானோ.

எர்க்கோலே நிமிரவில்லை. தட்டில் கிடந்த கோழிக்குடலிலிருந்து ஒரு புழுவை ஊசிமுனையால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னது?"

"மலைக்கு அந்தப் பக்கம் எல்லோரும்."

"அந்தப் பக்கத்திலும் எனக்கு ஆட்கள் இருக்கிறார்களா," என்றார் எர்க்கோலே. புழு வந்துவிட்டது.

எர்க்கோலே நகரத்துப் பிரபுவின் வைத்தியர். நோயாளி இல்லாத நேரத்தில் ஈ, தேள், பாம்பு என்று எதையாவது அறுத்துப் பார்ப்பவர். சில்வானோ மலைக்கிராமங்களின் வைத்தியர். அந்நாள் இத்தாலியில், எத்தனை பக்கம் மனப்பாடமாகச் சொல்கிறார் என்பதை வைத்துத்தான் ஒரு வைத்தியரை மதித்தார்கள். அப்படிப் பார்த்தால் சில்வானோவே பெரியவர். வயதிலும் அவரே பெரியவர். ஆனாலும் ஆண்டுதோறும் மலையிறங்கி வந்து, தன்னைவிட இளைய எர்க்கோலேயின் முன் மாணவனாக நிற்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இந்த முறை அவர் தனியாக வரவில்லை. முற்றத்தில் மெனிகா என்ற விதவை நின்றாள். அவள் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு காளைக்கன்று. சில்வானோ ஏறி வந்த கோவேறு கழுதை அதன் காதை முகர்ந்துகொண்டிருந்தது.

"பனியில் எங்கள் பள்ளத்தாக்கின் தேனீக்கள் எல்லாம் செத்துவிட்டன," என்றார் சில்வானோ. "கோயிலுக்கு மெழுகு கொடுத்துப் பிழைத்தவள் இவள். இனி மிச்சம் இந்தக் கன்று ஒன்றுதான்."

"அதனால்?"

"நூலில் வழி இருக்கிறது."

சில்வானோ கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கொம்பு வளையத் தொடங்கிய கன்றாக இருக்க வேண்டும். ரத்தம் சிந்தாமல் கொட்டாப்புளியால், அந்த மரச்சுத்தியலால், அடித்துக் கொல்ல வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் அடைத்து, வாசனைத் தழைகளின் மேல் கிடத்தி, அறையைச் சாத்திவிட வேண்டும். அழுகும் சதையிலிருந்து தேனீக்கள் கூட்டமாக எழும்.

சொல்லும்போதே குரலில் தாளம் ஏறிவிட்டது. நல்ல செய்யுள் அது.

"நீர் பார்த்திருக்கிறீரா?"

"முன்னோர் பார்த்திருக்கிறார்கள்."

எர்க்கோலே மெனிகாவிடம் திரும்பினார். "உனக்குச் சம்மதமா, அம்மா?"

"என் புருஷன் படுக்கையில் கிடந்தபோது பனியென்றும் பாராமல் வந்து பார்த்தவர் இவர். இவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்." கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "ஆனால் ஐயா, இவன் பேரு..."

"பெயர் இப்போது எதற்கு, அம்மா," என்றார் சில்வானோ, கனிவாகத்தான்.

"இதில் என் வேலை என்ன?" என்றார் எர்க்கோலே.

"கூட நின்று பார்த்தால் போதும். நம்பாதவரே பார்த்தார் என்றால் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்."

எர்க்கோலே கையைக் கழுவினார். உள்ளே போய் ஒரு கொட்டாப்புளியோடு வந்தார்.

"செய்வோம். ஆனால் அரைகுறையாகச் செய்யக்கூடாது. காளையிலிருந்து வருபவை வேலைக்காரத் தேனீக்கள். ஆண் தேனீக்கள் எதிலிருந்து வரும்?"

"கோவேறு கழுதையிலிருந்து," என்றது சில்வானோவின் வாய். அதற்குப் பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. அவசரமாக, "கழுதையிலிருந்து குளவி," என்றார்.

"குளவி இருக்கட்டும். ஆண் தேனீ இல்லாமல் கூடு நிலைக்குமா?"

"நிலைக்காது."

"அப்படியானால் முதலில் உம்முடைய கோவேறு கழுதை," என்று கொட்டாப்புளியை அவர் கையில் வைத்தார் எர்க்கோலே.

சில்வானோ முற்றத்தில் இறங்கினார். கோவேறு கழுதை அவர் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்தது. ரொட்டித்துண்டு எப்போதும் அங்கேதான் இருக்கும். அவர் சேணத்தின்மேல் தூங்கிவிழுந்தபோதெல்லாம், தானே பாதை கண்டு வீடு சேர்த்த பிராணி.

"ஆசிரியரே."

"என்ன?"

"இவள் பெயர் பெர்லா."

"பெயர் இப்போது எதற்கு," என்றார் எர்க்கோலே.

கொட்டாப்புளி சில்வானோவின் கையில் கனத்தது.

"ஒருவேளை, நூலைப் படியெடுத்தவன் பிழை செய்திருக்கலாம்," என்றார்.

"செய்திருக்கலாம். எந்த வரியில்? கன்றின் வரியிலா, பெர்லாவின் வரியிலா?"

பெர்லா ரொட்டியை மென்றுகொண்டிருந்தது.

சில்வானோ கொட்டாப்புளியைத் தரையில் வைத்தார். மெனிகாவிடம் நடந்தார். அவள் கன்றை மறைத்துக்கொண்டு நின்றாள். எப்போதிருந்து அப்படி நிற்கிறாள் என்று அவர் கவனித்திருக்கவில்லை.

"இவன் பெயர் என்ன சொன்னாய், அம்மா?"

"எங்கே சொல்லவிட்டீர்கள்? ஃபியோரோ."

"ஃபியோரோ," என்றார் சில்வானோ, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்போல.

பிறகு எர்க்கோலேயிடம் திரும்பினார். "ஆனால் இவளுக்குத் தேனீ வேண்டுமே. எதிலிருந்து வரவழைப்பேன்?"

எர்க்கோலே தோட்டத்துக் கதவைத் திறந்தார். ரீங்காரம் முற்றத்துக்குள் வந்தது. சுவரோரம் வரிசையாக வைக்கோல் கூடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கூடு.

"தேனீயிலிருந்து," என்றார். "ஒரு கூடையை எடுத்துப்போங்கள். சுமக்க ஏதாவது இருக்கிறதா?"

சில்வானோ பெர்லாவைப் பார்த்தார்.

அவர்கள் மலையேறி ஊர் சேர்ந்தபோது பங்குச்சாமியார் எல்லையிலேயே காத்திருந்தார். அவருக்கும் அந்தச் செய்யுள் மனப்பாடம். வைத்தியர் நடந்து வந்தார். கோவேறு கழுதையின் முதுகில் துணி கட்டிய கூடை ஒன்று இரைந்துகொண்டிருந்தது. பின்னால் மெனிகாவும் கன்றும்.

சாமியார் கன்றைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மறுபடி கன்றைப் பார்த்தார்.

"கன்று உயிரோடு இருக்கிறதே. பிறகு தேனீ எதிலிருந்து வந்தது?"

சில்வானோ பெர்லாவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"கோவேறு கழுதையிலிருந்து, சாமி."