மைனாவின் தலையசைப்பு

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டைக் கடம்பவேள் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். பாட்டு விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் மாறமாட்டான்.

ஒருநாள் சபையில் அறிவித்தான்: "குஞ்சைப் பறிகொடுத்த தாய்ப்பறவையின் துயரத்தை என் கண் கலங்கும்படி யார் பாடுகிறாரோ, அவருக்கு என் வலப்பக்கத்து இருக்கை. பௌர்ணமியன்று அரங்கேற்றம்."

அந்த இருக்கையில் அப்போது அமைச்சர் அம்பலத்தாடி உட்கார்ந்திருந்தார்.

"நான் எங்கே உட்காருவது, அரசே?"

"நீர் கெட்டிக்காரர். ஓர் இடம் கண்டுபிடிப்பீர்."

சபை சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அரசவைப் புலவர் கார்வண்ணர். அந்த இருக்கைமேல் அவருக்கு நெடுநாள் ஆசை.

ஆனால் பாட்டு வரவில்லை. பறவையின் துயரத்தை அவர் ஏட்டில்தான் கண்டிருந்தார். சபை மண்டபத்தை ஒட்டிய மருதமரப் பொந்தில் ஒரு மைனா இரண்டு குஞ்சுகளை வளர்த்துவந்தது. புலவர் ஆளை ஏற்றி அவற்றை எடுத்து, கூண்டில் போட்டுத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். தாய் புழுவோடு வந்து பொந்தைப் பார்த்தது. பிறகு மரத்துக்கும் மண்டபத்து உத்தரத்துக்குமாகப் பறந்து கத்தியது. புலவர் கீழே உட்கார்ந்து எழுதினார்.

அன்று மாலையே தோட்டக்காரன் அமைச்சரிடம் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னான்.

"போய்க் கேட்டு வாங்கிவந்துவிடட்டுமா, ஐயா?"

"வேண்டாம். அரங்கேற்றம் வரட்டும். ஒரு யோசனை இருக்கிறது." சொல்லும்போதே அமைச்சருக்குச் சிரிப்பு வந்தது.

பௌர்ணமியன்று கார்வண்ணர் பாடினார். பாட்டு நன்றாகவே இருந்தது. அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இருக்கை உம்முடையது, புலவரே."

அமைச்சர் எழுந்தார். "கொஞ்சம் பொறுங்கள், அரசே. யாரைப் பாடுகிறோமோ அவர் எதிரில் இருந்து கேட்டுத் தலையசைத்தால்தான் பாட்டு அரங்கேறியதாகும். நம் சபை வழக்கம். இந்தப் பாட்டின் தலைவி அதோ உத்தரத்தில் இருக்கிறாள். இன்னும் அசைக்கவில்லையே?"

"மைனாவுக்குத் தமிழ் தெரியுமா, அமைச்சரே?" என்றார் புலவர்.

"தெரியாது. வேறு விதமாகக் கேட்போம். அவளுடைய குஞ்சுகள் உங்கள் வீட்டுக் கூண்டில்தானே இருக்கின்றன? அதை இங்கே கொண்டுவந்து வைக்கட்டும். நீங்கள் பாடுங்கள். அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டு உத்தரத்திலேயே இருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். கூண்டுக்கு இறங்கி வந்தால், அவளை அழவைத்தவர் யாரென்று சபைக்கே தெரியும்."

புலவரின் முகம் வெளுத்தது. சபை ஆரவாரித்தது. காவலர்கள் பட்டுத்துணி போர்த்திய கூண்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். புலவர் மறுபடி பாடினார். எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

மைனா அசையவில்லை.

"பார்த்தீர்களா!" புலவருக்கு உயிர் வந்தது. "என் பாட்டில் மயங்கிவிட்டாள்!"

சபை மறுபடி சிரித்தது, இப்போது அமைச்சரைப் பார்த்து. அம்பலத்தாடி மட்டும் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. போய்த் துணியை விலக்கினார்.

இரண்டும் விறைத்துக் கிடந்தன. அலகுகளைச் சுற்றிப் பால்சோறு காய்ந்திருந்தது.

"நேற்றுவரை கத்திக்கொண்டிருந்தன," என்றார் புலவர். "இன்று நான் பார்க்கவில்லை, பாட்டு வேலை இருந்தது. பால்சோறு ஊட்டினேன். குழந்தைக்கு அதைத்தானே ஊட்டுவார்கள்?"

அரசன் இறங்கிவந்து கூண்டுக்குள் பார்த்தான். பிறகு கேட்டான்: "அமைச்சரே, இது உமக்கு எப்போது தெரியும்?"

"எடுத்த அன்றே, அரசே."

"அன்றே ஏன் சொல்லவில்லை?"

"சபை கூடட்டும் என்று இருந்தேன்."

அரசன் தலைகுனிந்தான். "நான் கேட்ட துயரத்தைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள்," என்றான். யாரையும் தண்டிக்கவில்லை. வலப்பக்கத்து இருக்கையை எடுத்துவிடச் சொன்னான்.

செங்குன்றத்தில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கூண்டு வரும் இடத்தில் குரலை உயர்த்துவார்கள். மைனா விர்ரென்று இறங்கிவரும். குஞ்சுகள் வாயைப் பிளக்கும். அமைச்சர் கழுத்தில் முத்துமாலை விழும். கேட்பவர்கள் கைதட்டுவார்கள்.

வயதான காலத்தில் அம்பலத்தாடியின் எதிரிலேயே ஒருவன் இப்படிச் சொல்லி முடித்தான். வழக்கப்படி அவர் முகத்தைப் பார்த்தான்.

அவர் தலையசைக்கவில்லை.