நாலரை மீட்டர் காவிச் சேலை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்தாலும் கதை கெட்டுவிடும். மெதுவாகவே சொல்கிறேன்.

ஆற்றங்கரை மடம் ஒன்றில் சிவகாமித்தாய் என்ற இளம் துறவி குருவாக இருந்தாள். வடக்கே போகப்போவதாகவும் திரும்பி வரமாட்டேன் என்றும் ஒருநாள் சொன்னாள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். விடைபெறும் குருவின் சேலையை முக்கால் மீட்டர் துண்டுகளாக வெட்டி, சீடர்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொன்று தர வேண்டும். எல்லோருக்கும் வராது என்றால் வெட்டக் கூடாது. மடத்தில் துணி தைக்கிறவளிடமே அது முழுதாக இருந்துவிடும்.

தைக்கிறவள் பூமயில். சீடர்களில் ஒருத்தி, குருவைவிடப் பத்து வயது மூத்தவள். குருவை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

சேலையை அளந்தாள். 4.5 மீட்டர். அதை 0.75-ஆல் வகுக்க வேண்டும். புள்ளி இருந்தால் அவளுக்குக் கை ஓடாது. இரண்டிலும் புள்ளியை எடுத்துவிட்டு, 45-ஐ 75-ஆல் வகுத்துத் தரையில் கரியால் எழுதினாள்.

"0.6 தாம்மா வருது. முழுசா ஒரு துண்டுகூடத் தேறாது." சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுக்களையிலிருந்து வேலாண்டி எட்டிப் பார்த்தான். அவனும் சீடன்தான். "அக்கா கணக்குல சேலை கோவணமாயிடுச்சே!"

"நீ குழம்பைப் பாருடா, அடிப்பிடிக்குது."

குரு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, 0.75-ல புள்ளி வலப்பக்கமா எத்தனை வீடு நடந்துச்சு?"

"ரெண்டு."

"4.5-ல?"

"ஒண்ணு. அதுக்கு மேல வீடே இல்லையே."

"ரெண்டும் ஒரே தூரம் நடந்தாத்தானே விடை மாறாது?"

"இல்லாத வீட்டுக்கு எப்படிம்மா நடக்கிறது?"

குரு கரியை வாங்கி, 45-க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டாள்.

பூமயில் 450-ஐ 75-ஆல் வகுத்தாள். ஆறு வந்தது.

மடியிலிருந்த சேலையை அவள் விடவில்லை.

"ரெண்டும் சேர்ந்து நடக்கணும்னு சொல்றீங்க. நீங்க மட்டும் போறீங்களே. என்னையும் கூட்டிட்டுப் போங்கம்மா."

"இல்லை அக்கா."

"விடிஞ்சா எந்திரிச்சு யார் முகத்துல முழிப்பேன்? நீங்க உட்கார்ற இடத்துல யாரு இருப்பா?"

"யாரும் இருக்கமாட்டாங்க."

"வெறுமையாவா கிடக்கும்?"

"ஆமா." குரு தரையிலிருந்த பூஜ்யத்தைத் தொட்டுக் காட்டினாள். "அந்த வெறும் இடத்தையும் சேர்த்து நடங்க."

பூமயில் சேலையைத் தரையில் விரித்தாள். அப்போதும் பயம் விடவில்லை. ஆறை எழுபத்தைந்தால் பெருக்கிப் பார்த்தாள். நானூற்று ஐம்பது வந்தது. அதற்கப்புறம்தான் கத்தரிக்கோலை எடுத்தாள்.