பூக்கட்டும் நூல்

“பாவம், கண்ணு தெரியாத பிள்ள. அந்த டீச்சர் மட்டும் இல்லன்னா ஒரு எட்டு எடுத்து வைக்க முடியுமாவே?”

பள்ளிக்கூட மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது. மைதானத்து வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த எஸ்தர் ராணி டீச்சரின் காதில் அது தெளிவாக விழுந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. லேஸை அவிழ்த்து இன்னொரு தரம் நிதானமாகக் கட்டினாள்.

பக்கத்தில் நின்ற பேச்சியம்மாளுக்கும் கேட்டுத்தான் இருக்கும். அவள் காதுக்குத் தப்பியது என்று தூத்துக்குடியில் எதுவும் கிடையாது. கால்களை உதறிக்கொண்டு சும்மா சிரித்தாள்.

பேச்சிக்கு இருபத்தேழு வயது. வங்கியில் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லை. முழு மாரத்தான் இரண்டு ஓடி முடித்தவள். எஸ்தர் டீச்சர் அவளைவிட இருபது வயது மூத்தவள், இந்தப் பள்ளியின் விளையாட்டு டீச்சர். ஊருக்கே அவள் டீச்சர்தான். இந்த ஓட்டத்தில் மட்டும் அவள் சிஷ்யை.

பேச்சியோடு கூட ஓடிய பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு டீச்சர் தானாக வந்து கேட்டாள். இரண்டு பேர் விரல்களுக்கும் நடுவே ஒரு கயிறு. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓட வேண்டும், பாதையைச் சொல்ல வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள்.

சென்னையில் மாரத்தானுக்கு இன்னும் மூன்று வாரம். அதற்கு முந்தைய கடைசி நெடுஓட்டம் இன்றைக்கு, முப்பத்திரண்டு கிலோமீட்டர். இதற்கு மேல் கால்களுக்கு ஓய்வுதான். கூட ஓடுகிறவரின் பெயரையும் மாரத்தான் நடத்துகிறவர்களிடம் இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். சென்னையில் இப்படிக் கூட ஓடிப் பழக்கமுள்ள ஒரு பெண் வரத் தயாராக இருந்தாள். யாரென்று ஓட்டம் முடிந்ததும் சொல்கிறேன் என்று பேச்சி சொல்லியிருந்தாள்.

டீச்சருக்குப் போக வேண்டும். அடுத்தவர்கள் ஓடுவதற்கு விசில் ஊதியே தலை நரைத்துவிட்டது. தன் நெஞ்சில் ஓர் எண்ணைக் குத்திக்கொண்டு நிற்க அவளுக்கு ஆசை. ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தாள். கிறிஸ்துமஸுக்குக்கூட நீ இப்படி முழித்துக் கிடந்ததில்லையே என்று அவள் வீட்டுக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல்தான். எல்லைக்கோட்டைப் பேச்சிதான் முதலில் தாண்ட வேண்டும். கூட வருகிறவள் முந்திவிட்டால் ஓட்டமே செல்லாது. பயிற்சியில் டீச்சர் ஒவ்வொரு தடவையும் முந்தினாள். வேண்டுமென்று செய்யவில்லை. கோட்டைக் கண்டால் நெஞ்சை முன்னால் தள்ளு, நெஞ்சைத் தள்ளு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அவள் நெஞ்சே அந்தப் பாடத்தைப் படித்திருந்தது.

அதற்குப் பேச்சி கோபப்பட்டதில்லை. “உங்க மூச்சு எனக்கு முன்னால நின்னுச்சு டீச்சர்” என்பாள். அதோடு சரி.

டீச்சர் எழுந்து நின்றாள்.

“ஏட்டி பேச்சி, கூட ஓடுதவளுக்கு என்னதான் தெரிஞ்சிருக்கணும்? இன்னைக்காவது சொல்லேன்.”

பேச்சி பைக்குள் கைவிட்டாள். வழக்கமான தடித்த கயிறு வரவில்லை. வெள்ளை நூல் வந்தது. பூக்கட்டும் நூல். பூக்காரி அளப்பதுபோல ஒரு முழம் இருந்தது.

“இன்னைக்கு இதுதான் டீச்சர் கயிறு.”

“இது தும்முனா அறுந்துருமே.”

“அறுந்தா முடிஞ்சுக்கிடலாம்.”

“எத்தனை கொண்டாந்திருக்க?”

“ஒண்ணுதான்” என்றாள் பேச்சி. ஒரு முனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு மறுமுனையை நீட்டினாள்.

விடியுமுன்பே, தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓடத் தொடங்கினார்கள். டீச்சரின் கை, தளும்பத் தளும்ப எண்ணெய்க் கிண்ணம் ஏந்திய கை மாதிரி விறைத்துப் போயிற்று. இதுவரை மேடு என்றால் கயிற்றைத் தூக்குவாள், திருப்பம் என்றால் இழுப்பாள். இன்று கையால் ஒன்றும் ஆகாது. அந்த வேலையையெல்லாம் வாய் எடுத்துக்கொண்டது. வேகத்தடை என்றாள். சாணி என்றாள். இடது பக்கம் விளம்பரப் பலகை, வலது பக்கம் குப்பைத் தொட்டி, ஓரத்தில் நாய் படுத்திருக்கிறது, பழுப்பு நாய் என்றாள்.

“அது எந்திரிச்சிட்டா?” என்று கேட்டாள் பேச்சி.

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். “இல்ல, நல்லாத் தூங்குது.”

“பின்ன ஏன் டீச்சர் அத எழுப்புதீங்க?”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தோள் தளர்ந்தது. அதன் பிறகு கொஞ்ச தூரம் இரண்டு கைகளும் ஒன்றுபோல வீசின.

உப்பளத்துச் சாலையில் எதிரே லாரி வந்தது. உப்பு ஏற்றிய லாரி. விளக்கில் கண் கூசியது. டீச்சர் பதறிப்போய்ப் பேச்சியைத் தன் பக்கம் இழுத்தாள். நூல் அறுந்தது.

லாரி கடந்து போனது. தன் கையில் தொங்கிய பாதி நூலைப் பார்த்துக்கொண்டு டீச்சர் நின்றாள். பேச்சி அவளுக்கும் முன்பே ஓரத்து மண்ணில் ஒதுங்கி நின்றிருந்தாள்.

“வருதுன்னு சொன்னாப் போதும் டீச்சர். நான் பயந்தவதான், ஒதுங்கிருவேன்.”

பேச்சி டீச்சரின் பாதியை வாங்கித் தன் பாதியோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். நூல் கொஞ்சம் சின்னதாயிற்று. டீச்சர் அரை எட்டு நெருங்கி வந்தாள்.

கிழக்கு வெளுத்தது. பாத்திகளில் தேங்கிய தண்ணீர் முதலில் சாம்பலாக இருந்து பிறகு ரோஜா நிறமானது. உப்புக் குவியல்கள் வரிசையாக எழுந்து வந்தன. கடல் காற்று முதுகைத் தள்ளியது. டீச்சருக்கு உடம்பில் எடையே இல்லாததுபோல இருந்தது. நாலு கால்களின் சத்தம் எந்த இடத்தில் இரண்டாகக் குறைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரே ஆள் ஓடுவதுபோலத்தான் கேட்டது. இப்படியே திருச்செந்தூர் வரைக்கும் போய்விடலாம் போலிருந்தது.

அப்போதுதான் பாத்தி நடுவே அந்தப் பறவைகளைக் கண்டாள். இளஞ்சிவப்பு நிறம், நீளக் கால்கள், கூட்டமாக நின்றன.

“ஏட்டி, அங்க பாரு!”

நூல் கட்டிய கையைத்தான் நீட்டியிருந்தாள். அது இரண்டாம் தடவையாக அறுந்தது.

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கையை நீட்டிக் காட்டியது யாருக்கு என்பது அப்புறம்தான் உறைத்தது.

“பாத்தாச்சு” என்றாள் பேச்சி. “எப்படி இருக்கு?”

டீச்சர் யோசித்தாள். பேச்சிக்கு நிறத்தைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

“எங்க ஸ்கூல் பிரேயர் மாதிரி இருக்கு. பூராவும் ஒத்தக் கால்ல நிக்குதுக. லேட்டா வந்த பிள்ளைக மாதிரி.”

பேச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நானும் அப்படி நின்னிருக்கேன் டீச்சர்” என்று சிரித்தபடியே நூலைக் கேட்டு வாங்கினாள்.

இப்போது நூல் ஒரு சாண்தான் தேறியது. முழங்கை முழங்கையில் உரசியது. வேர்வை யாருடையது என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்பினார்கள். டீச்சரின் பேச்சு தானாகவே சுருங்கியது. மேடு, வளைவு, மணல் என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாக வந்தது. நடுவில் மீன் கம்பெனி வாடை அடித்தபோது, ஊருக்குள் நுழைய இன்னும் அரை மணி நேரம் என்று பேச்சிதான் சொன்னாள்.

கடைசிப் பகுதியில் டீச்சரின் தொடை கல்லாகிவிட்டது. மெல்லப் போகலாமா என்று பேச்சியைக் கேட்டாள். உங்களுக்கு வேண்டுமென்றால் போகலாம், என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று பேச்சி பதில் சொன்னாள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். நூலின் இரண்டு முடிச்சுகளும் அவள் விரலுக்குப் பக்கத்திலேயே ஆடின.

மாதா கோவில் மணி அடித்தது. பேக்கரியில் மக்ரூன் வேகும் வாசனை தெருவை நிறைத்தது. தெரு திரும்பினால் டீக்கடை, எதிரே மைதானம். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரோ சீட்டி அடித்தார்கள். டீச்சர் “வாசல்” என்றாள். இருவரும் உள்ளே புகுந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் அவளே சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடு. வெயிலில் பளீரென்று கிடந்தது.

அதைக் கண்டதும் டீச்சருக்குக் கால் வலி மறந்துபோயிற்று. நெஞ்சு முன்னால் எழுந்தது. விரலில் நூல் இறுகியது. மயிரிழை மாதிரி அது சதையில் பதிவது தெரிந்தது.

“கோடு” என்றாள். குதிகாலை மண்ணில் ஊன்றினாள்.

பேச்சி தாண்டினாள்.

அவளோடு டீச்சரின் கை மட்டும் கோட்டுக்கு மேலே நீண்டு போனது. உடம்பு இந்தப் பக்கம் நின்றது. இடையில் நூல் தொய்ந்து தொங்கியது.

பேச்சி மூச்சு வாங்கினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“டீச்சர்?”

“நிக்கேன்.”

“எங்க?”

“உனக்குப் பின்னாலதான். கோட்டைத் தொடல.”

பேச்சி நெற்றி வேர்வையை வழித்து விட்டாள். டீச்சர் அவள் முகத்தையே பார்த்தாள்.

“சென்னைக்கு முத்துநகர் ரயில்ல ரெண்டு டிக்கெட் போட்டுருதேன்” என்றாள் பேச்சி. “கீழ் பெர்த் எனக்கு.”

டீச்சர் கோட்டுக்குப் பின்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

பேச்சி நூலை மெதுவாக இழுத்தாள். டீச்சர் கோட்டைத் தாண்டினாள்.